மூன்று நாற்பது என்று எழுதிய கார்டு

மார்ச் 3, திங்கள்

மாமாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஜெயிலில் இருப்பவரிடம் அதைக் கேட்க நான் என்ன வாழ்த்து அட்டையா? நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் உங்களைப் பார்க்க வந்து இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் ஒரு தாளைப் பார்த்துவிட்டு, "மனைவி, வக்கீல். ரெண்டு பேரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கார். நீங்க யாரு?" என்றார். பொண்டாட்டியோட தம்பி என்றேன். "அப்போ உங்களைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போட்டால் இன்னொன்று வரும்.

நீங்கள் வக்கீலிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லையாம். அதனால் கேஸ் எங்கே நிற்கிறது என்று நானே சொல்கிறேன். பிப்ரவரி இருபதாம் தேதி, வியாழக்கிழமை. பன்னிரண்டாம் நம்பர் வீட்டுப் பல் டாக்டரம்மா மதியம் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், கீழ் ஹாலில், மண்டையில் அடிபட்டுச் செத்துப் போனார். அடித்த ஆயுதம் உங்கள் பதினாலு அங்குல ஸ்பேனர். ஏசிக்குப் பக்கத்தில் தொங்கிய சர்வீஸ் கார்டில் உங்கள் கையெழுத்து, நேரம் 3:40. மாடியில் குடியிருக்கிறவர் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? "ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் ஏசி போட்டுட்டுத் தூங்கினேன், அந்தச் சத்தத்துல எதுவும் கேட்கலை. வந்தது ஏசிக்காரன் மட்டும்தான், கார்டைப் பாருங்க." இதெல்லாம் போதாதென்று நீங்களே ஸ்டேஷனில், மூன்று நாற்பதுக்குப் போனேன், வேலையை முடித்தேன், ஸ்பேனரை மறந்துவிட்டு வந்தேன், அப்போது அந்தம்மா உயிரோடுதான் இருந்தார் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அவர்கள் விரித்த பாயில் நீங்களாகவே போய்ப் படுத்துக்கொண்ட மாதிரி.

நீங்கள் கொலை செய்யவில்லை. இதற்கு எனக்கு ஆதாரம் வேண்டாம். எலி செத்தாலே அக்காவைக் கூப்பிடுகிற ஆள் நீங்கள்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. நம் கம்பெனியில் உங்களுக்கு மேற்பார்வை நான்தானே, அந்தக் கார்டின் நகல் என் மேஜையில் இருக்கிறது. கரண்ட் 6.4 ஆம்பியர், கேஸ் பிரஷர் 120. அன்று மூன்று நாற்பதுக்கு வெயில் முப்பத்தெட்டு டிகிரி. அந்தச் சூட்டில் பிரஷர் 120-ல் நிற்காது, ஏறும். அது காலை நேரத்து அளவு. உங்கள் பழைய கார்டுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். உங்கள் ரீடிங் ஒரு வருடமாக வெயிலை மதிக்கவே இல்லை.

ஒரே கேள்விதான். மூன்று நாற்பதுக்கு நீங்கள் அங்கே இருந்தீர்களா, இல்லையா? ஒற்றை வார்த்தையில் பதில் போதும்.

மாப்பிள்ளை


மார்ச் 6, வியாழன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் இதைப் பிரித்துப் படிக்கிற ஜெயில் ஐயாவுக்கு என் வணக்கம். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுக்கும்போதே, "உன் மச்சான் கொஞ்சம் சூடான ஆளு போலிருக்கே" என்று சிரித்தார். கொஞ்சமா என்று நானும் சிரித்தேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் அறை மின்விசிறி ஆடிக்கொண்டே சுற்றும், இன்றைக்கோ நாளைக்கோ தலையில் விழுந்துவிடும் என்று எல்லோரும் சுவரோரமாகப் படுத்திருந்தார்கள். றெக்கை ஒன்றின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஸ்பூன் காம்பை வைத்தே முடுக்கிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு நடு அறையில் இடம். உங்கள் அக்காவிடம் இதைச் சொல்லுங்கள், வீட்டு மின்விசிறியை ஆறு மாதமாகப் பார்க்காதவன் இங்கே வந்து பார்த்திருக்கிறான் என்று திட்டுவாள். திட்டினால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். போன சனிக்கிழமை வந்தபோது திட்டவே இல்லை. அதுதான் மனதில் கிடந்து அரிக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கார்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். நான் படிக்காதவன், பிரஷர் ஏறுவதும் இறங்குவதும் எனக்கென்ன தெரியும்? மீட்டர் முள் பழசாக இருக்கும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், மாப்பிள்ளை. அந்தக் கார்டுகளைக் கிளறாதீர்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிடும். வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் வேலைக்குப் போங்கள், வீட்டைப் பாருங்கள்.

மாமா


மார்ச் 9, ஞாயிறு

மாமா!

வேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளறாதே என்று சொன்னால் நான் கிளறாமல் இருப்பேனா? வெள்ளிக்கிழமை ஒன்பதாம் நம்பர் வீட்டில் ஏசி புகார். ஆளை அனுப்பாமல் நானே போனேன், பன்னிரண்டாம் நம்பரைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று. அந்த வீட்டு அம்மா என்னைப் பேசவே விடவில்லை.

"வோல்டேஜைப் பாருங்க தம்பி, இங்க எப்பவும் இதே தொல்லை. டாக்டரம்மா போன அன்னிக்குக்கூட மத்தியானம் பூரா கரண்ட் இல்லை. துணி மெஷின்ல பாதி நனைஞ்சபடி கிடந்துச்சு."

ஏணியில் நின்றிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். "போலீஸ்கிட்ட சொன்னீங்களா?"

"அவங்க கத்தல் கேட்டுச்சான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். துணி மெஷின் நின்னுச்சான்னு யாரும் கேட்கலையே!"

ஓடினேன். பத்தாம் நம்பரில் கேட்டால், கரண்ட் போகவே இல்லை என்கிறார்கள். பதினொன்றிலும் அப்படியே. ஆறாம் நம்பரில் போயிருக்கிறது. மூன்றிலும் போயிருக்கிறது. மூன்று, ஆறு, ஒன்பது. அடுத்தது என்ன, மாமா? உங்களுக்கே தெரியும். தெருவில் வருவது மூன்று ஃபேஸ், வீட்டுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நீல ஃபேஸில் ஃபியூஸ் போனால் மூன்றாவது மூன்றாவது வீடு மட்டும் செத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் யாரும் இதைப் பேசவில்லை!

நேராக மின்சார ஆபீஸுக்குப் போனேன். லைன்மேன் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். புகார் நோட்டைப் புரட்டச் சொன்னேன். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன், அதுவே என் வாழ்நாள் சாதனை. பிப்ரவரி இருபது. புகார் வந்தது 2:35. தெருமுனைப் பெட்டியில் நீல ஃபேஸ் ஃபியூஸ் மாற்றியது 5:10.

புரிகிறதா? மூன்று நாற்பதுக்கு அந்த வீட்டில் மின்சாரமே கிடையாது. ஓடாத ஏசியில் நீங்கள் எப்படி 6.4 ஆம்பியர் எடுத்தீர்கள்? அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இல்லை!

இன்னொன்று. இதை நினைத்துத்தான் நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மாடிக்காரர் இரண்டிலிருந்து ஐந்தரை வரை ஏசி போட்டுத் தூங்கினாராம். எந்த ஏசி? எந்தக் கரண்ட்? அவர் மாடியில் இருந்திருந்தால் ஏசி நின்றது தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் அவர் மாடியில் இல்லை. அப்படியானால் எங்கே இருந்தார், எதற்காகப் பொய்?

நீங்கள் உண்மையைச் சொன்னால் அடுத்த வாரம் வெளியே வரலாம். ஏன் மென்று முழுங்குகிறீர்கள்? எதற்காக அந்தப் பொய்யை எழுதிக் கொடுத்தீர்கள்?

மாப்பிள்ளை


மார்ச் 13, வியாழன்

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இங்கே படிக்கிற ஐயா இரண்டு முறை படித்தாராம். "உன் மச்சானைப் போலீஸ்ல எடுத்திருக்கணும்யா" என்றார். இனி மறைத்து என்ன பயன்? அவரும் படிக்கட்டும்.

நான் பல் டாக்டரம்மா வீட்டுக்குப் போனது காலை பதினொன்றரைக்கு. அவரிடம் கீழ் ஹாலிலேயே ஒருத்தர் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் ஏணி போட்டு ஃபில்டரைக் கழுவி, அளவு எடுத்து, கார்டு எழுதினேன். நேரத்தை மட்டும் 3:40 என்று போட்டேன். அவசரத்தில் ஸ்பேனரை அங்கேயே விட்டுவிட்டேன்.

இது என் ஒருத்தனுடைய வழக்கம் இல்லை. நம் கம்பெனி ஆட்கள் ஒன்பது பேருமே இப்படித்தான். கோபப்படாமல் கேளுங்கள். போன வருடம் நீங்கள் அந்தக் கார்டைக் கொண்டு வந்தீர்கள். ஒரு வீட்டுக்கு ஐம்பது நிமிடம் என்று விதி போட்டீர்கள். கை பழகியவனுக்கு இருபத்தைந்து நிமிடம் போதும், மாப்பிள்ளை. முதல் மாதம் உள்ளபடிதான் எழுதினோம். நீங்கள் சிவப்பு மையில் "அவசர வேலை" என்று சுழித்துத் திருப்பி அனுப்பினீர்கள். நம் ஆட்களில் கட்டை என்று கூப்பிடுவோமே, அவன்தான் வழி சொன்னான். "சாருக்கு வேலை வேணாம், ஐம்பது நிமிஷ இடைவெளிதான் வேணும். கொடுத்துடுவோம்." அதிலிருந்து காலையிலேயே ஐந்து வீட்டையும் முடித்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் நேரத்தைப் பிரித்துப் பிரித்து எழுதிவிடுவோம். நீங்களும் சிவப்பு மையைத் தொடவே இல்லை.

ஆனால் ஒன்று. அளவில் நான் பொய் எழுதியதில்லை. ஆம்பியர் ஆம்பியர்தான், பிரஷர் பிரஷர்தான். நேரம் மட்டும்தான் பொய். அதை நம்புங்கள்.

மதியத்தில் எங்கே போவேன்? கல்குவாரிக் குட்டையில் தூண்டில் போடுவேன். அன்றைக்கும் அங்கேதான் இருந்தேன். என்னைப் பார்த்தது ஒரு நாய். அதைக் கூண்டில் ஏற்றினால் சாட்சி சொல்லுமா? உங்கள் அக்காவிடம் கடையில் வாங்கிய மீன் என்று சொல்லிவந்தேன். அவளுக்குத் தெரியுமாம். போன சனிக்கிழமை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "கடை மீனுக்கு வாயில எப்பிடிய்யா ஓட்டை இருக்கும்?" என்று கேட்டாள். அன்றைக்கு நன்றாகத் திட்டினாள். இப்போதுதான் நிம்மதி.

ஏன் பொய் எழுதிக் கொடுத்தேன் என்று கேட்டீர்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்று ஸ்டேஷன் வாசலுக்கு நீங்கள் ஓடிவந்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா? என் தோளைப் பிடித்து உலுக்கி, "பயப்படாம கார்டுல உள்ளதை அப்படியே சொல்லுங்க மாமா. கார்டு பொய் சொல்லாது. ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்து இருக்கு" என்றீர்கள். உங்கள் கையெழுத்து இருக்கிறது. அதுதான் எனக்குக் கேட்டது. கார்டு பொய் என்று நான் வாயைத் திறந்தால், சரிபார்த்தேன் என்று போட்ட உங்கள் கையெழுத்து என்ன ஆகும்? எட்டுப் பேர் பிழைப்பு என்ன ஆகும்? அதனால் கார்டில் உள்ளதைச் சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதையே திரும்பச் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் பட்டியலில் உங்களைப் போடவில்லை. கோபத்தில் இல்லை.

மாமா


மார்ச் 16, ஞாயிறு

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த என் வரைபடத்தைக் கழற்றினேன். ஒரு வருட உழைப்பு. எந்த நேரத்தில் எந்த ஏசி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கலர் கலராகக் கோடு போட்டிருந்தேன். அதைக் காட்டித்தான் எனக்கு மேற்பார்வை வேலை கிடைத்தது. மத்தியான வெயிலில் நம் ஏசிகள் அற்புதமாக வேலை செய்கின்றன என்று மேனேஜர் முன்னால் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அவை எல்லாம் காலை பத்து மணி அளவுகள்! கட்டை பின் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினான். பாவி.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முதலில் உங்கள் மேல், அப்புறம் என் மேல். சரிபார்த்தேன் என்று நான் எதைப் பார்த்தேன்? தினமும் சாயங்காலம் நாற்பது கார்டு நகல்களை அடுக்கி வைத்து, கையெழுத்து, புரட்டு, கையெழுத்து, புரட்டு. பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். உங்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அப்புறம்தான் திடுக்கென்றது. லைன்மேனுடைய நோட்டும் நம் கார்டு மாதிரி இருந்தால்? அவரும் டீக்கடையில் உட்கார்ந்து 2:35, 5:10 என்று எழுதியவராக இருந்தால்? இப்போது நோட்டு என்றாலே எனக்குக் குலை நடுங்குகிறது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாத சாட்சி வேண்டும். அது அந்த வீட்டு வாசலிலேயே தொங்குகிறது, மாமா. மின் மீட்டர்! புது மீட்டர் ஒவ்வொன்றும் கரண்ட் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் தன் வயிற்றுக்குள் எழுதிக்கொள்ளும். காலையிலேயே எழுதி வைக்க அதற்குத் தெரியாது.

நேற்று இன்ஸ்பெக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். கொட்டித் தீர்த்துவிட்டேன். முடித்ததும், "தம்பி, மூச்சு விட்டுக்கோங்க" என்றார். பிறகு மின்சார ஆபீஸ் ஆளை வரச் சொல்லி, என் கண் முன்னாலேயே பன்னிரண்டாம் நம்பர் மீட்டரில் கருவியை மாட்டி அளவு எடுத்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். தள்ளி நிற்கச் சொன்னார்கள். மறுபடியும் எட்டிப் பார்த்தேன்.

கரண்ட் போனது 2:21. வந்தது 5:09. வீட்டுக்கே ஒரே மீட்டர், மாடியும் அதில்தான். நடுத்தெருவில் ஒரு குதி குதித்தேன். இன்ஸ்பெக்டரம்மா சிரிக்கவில்லை.

"சரி. ஏசி ஓடலை. ஆனா உங்க மாமா மூணு நாற்பதுக்கு வந்து, ஓடாத ஏசிக்குப் பொய்யா ஒரு நம்பரை எழுதியிருக்கலாமே?"

"இல்லை மேடம், காலையிலேயே எழுதிட்டார்."

"யார் சொல்றா? அவரே மூணு நாற்பதுன்னு எழுதிக் கொடுத்திருக்கார். கார்டோட நகல்ல கீழே இன்னொரு கையெழுத்தும் இருக்கு. 'சரிபார்த்தேன்'. அது யாரோடது?"

என்னோடது என்றேன்.

"அப்போ அந்தக் கார்டைப் பொய்யின்னு சொல்ல வேண்டிய ஆள் நீங்கதான். வாயால இல்லை, எழுத்தால. யோசிச்சுட்டு வாங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? புதன்கிழமை போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன். மேனேஜர் அன்றைக்கே என்னை வெளியே அனுப்புவார். அனுப்பட்டும்.

மாப்பிள்ளை


மார்ச் 18, செவ்வாய்

மாப்பிள்ளை,

இதை அவசரமாக எழுதுகிறேன். வக்கீல் வந்திருக்கிறார், அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

போகாதீர்கள். மீட்டர் இருக்கிறது, மாடிக்காரர் சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டது. போலீஸ் அவரைப் பிடித்து உலுக்கட்டும். நாலு மாதமோ ஆறு மாதமோ, உண்மை தானாக வெளியே வரும். அதுவரைக்கும் நான் இங்கே இருந்துவிட்டுப் போகிறேன். எனக்கு நடு அறையில் இடம் இருக்கிறது, மின்விசிறி நன்றாக ஓடுகிறது.

நீங்கள் வீட்டில் உட்கார்ந்தால் உங்கள் அக்கா தையல் மெஷினை மட்டும் மிதித்து எத்தனை வயிற்றை நிரப்புவாள்? கட்டைக்குப் போன மாதம்தான் கல்யாணம். மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு வாசல். ஒருத்தனை மேலே தூக்க எட்டுப் பேரைத் தண்ணீரில் தள்ளுவது எந்தக் கணக்கு? அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நீங்கள் விதித்த ஐம்பது நிமிடத்தை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வயதில் பெரியவன் சொல்கிறேன், ஒருமுறையாவது கேளுங்கள்.

மாமா


மார்ச் 22, சனி

மாமா,

கேட்கவில்லை.

கோபப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவீர்கள்.

எட்டுப் பேரைப் பற்றி நீங்கள் எழுதியது மட்டும் முள்ளாகக் குத்தியது. அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் தலையில் கல்லைப் போடக் கூடாது. புதன் காலை கடைசி வேனைக் கிளம்ப விடாமல் எல்லோரையும் நிறுத்திச் சொன்னேன். ஐம்பது நிமிடம் என்பது என் முட்டாள்தனம், பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் திருட்டு, இரண்டையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

ஒருத்தர் டீ கிளாஸைத் தரையில் அடித்தார். "பெரிய அரிச்சந்திரன்! உனக்கென்ன, படிச்சவன், வேற எடத்துக்குப் போயிடுவே. நாங்க?" என்றார். வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் வாயை மூடியதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை, அதிலேயே பாதிப் பேர் பயந்துவிட்டார்கள்.

கட்டை தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். "அவரு எங்களுக்காகத்தான் உள்ள இருக்காரா?"

ஆமாம் என்றேன்.

"அதை மொதல்ல சொல்லக் கூடாதா சார்? முழு ராமாயணத்தையும் சொல்லிட்டு..." என்று வேனிலிருந்து பையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஐந்து பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

நாலு பேரும் எழுதிக் கொடுத்தோம். என் தாளில் நான் எழுதிய கடைசி வரி: "ஒரு கார்டைக்கூட நான் சரிபார்த்ததில்லை." எழுதி முடித்ததும் பசித்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான்! டாக்டரம்மாவின் நோட்டில் அன்று பதினொன்றேகாலுக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. பஸ் ஓட்டுநர், கடைவாய்ப்பல். ஸ்டேஷனுக்கு வந்தார். "வாயில பஞ்சு. அண்ணாந்து பார்த்தா ஏணி மேல ஒரு ஆளு எதையோ கழட்டுறாரு. தூசு பூரா என் மூஞ்சியில. திட்டலாம்னா வாயைத் திறக்க முடியலை. இன்னிக்காவது திட்டலாம்னு வந்தேன், எங்க அவரு?" என்றார். உங்கள் போட்டோவைக் காட்டினார்கள். அதைப் பார்த்தே திட்டினார். ஸ்பேனரை ஜன்னல் திண்டில் விட்டுவிட்டுப் போனதைக்கூடப் பார்த்திருக்கிறார்!

நேற்றுக் காலை மாடிக்காரரைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அரைக் கதவு, எல்லாம் கேட்டது.

"அன்னிக்கு மத்தியானம் பூரா தூங்கினீங்க?"

"ஆமா மேடம், முன்னாடியே சொல்லிட்டேனே."

"ஏசி போட்டு?"

"இந்த வெயில்ல ஏசி இல்லாம யாரால தூங்க முடியும்?"

"எத்தனையில வச்சிருந்தீங்க?"

"இருபத்திரண்டு."

"நடுவுல நின்னு நின்னு ஓடுச்சா?"

"சேச்சே. புது ஏசி மேடம். ஒரு நிமிஷம்கூட நிக்கலை."

ஒரு தாளை மேஜையில் வைக்கும் சத்தம். "இது அந்த வீட்டு மீட்டர் சொல்றது. ரெண்டு இருபத்தொண்ணுல இருந்து அஞ்சு ஒன்பது வரைக்கும் வீட்டுல பொட்டுக் கரண்ட் இல்லை. உங்க ஏசி எதுல ஓடுச்சு?"

மாமா, நான் பெஞ்சிலிருந்து எழுந்து அரைக் கதவுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

மூன்று மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. அந்த ஆள் டாக்டரம்மாவின் மருந்துச் சீட்டுகளைத் திருடி, அவர் கையெழுத்தைத் தானே போட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான். அன்று மூன்று மணிக்கு மருந்துக் கடைக்காரர் சந்தேகப்பட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். இவன் கடையிலிருந்து நழுவி வீட்டுக்கு வந்தால், அவர் ஹாலில் நின்று, "இப்பவே வீட்டைக் காலி பண்ணு, போலீஸுக்குச் சொல்லப் போறேன்" என்றாராம். உங்கள் ஸ்பேனர் திண்டில் இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பின் வாசலால் போய், ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. நடுவில் கரண்ட் போனது அவனுக்குத் தெரியவே தெரியாது. கார்டில் 3:40 என்று பார்த்திருக்கிறான், அதையே பிடித்துக்கொண்டான்.

அந்தம்மா பாவம். இந்த ஓட்டத்தில் அவரை நினைக்கவே எனக்கு நேரம் இருக்கவில்லை. நேற்றுத்தான் நினைத்தேன்.

மேனேஜர் என்னையும் வந்த மூன்று பேரையும் நிறுத்திவிட்டார். மற்ற ஐந்து பேருக்கு எச்சரிக்கையோடு சரி. ஐம்பது நிமிட விதியை எடுத்துவிட்டார்களாம். என்னை நிறுத்திய பிறகு!

கோர்ட் உத்தரவு புதன்கிழமை வரும், வியாழன் காலை பத்து மணிக்கு விடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். கட்டை எங்கிருந்தோ ஒரு வேன் கொண்டு வருகிறான். ஒன்பது மணிக்கே வாசலில் இருப்போம்.

மாப்பிள்ளை


மார்ச் 26, புதன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். படிக்கிற ஐயாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏசி எந்தக் கரண்டில் ஓடியது என்று வருகிற இடத்தை அவர் மறுபடி ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார். அறையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

நீங்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான். கோபத்தோடு கோபமாக நேற்று முழுக்க எனக்குச் சிரிப்பும் வந்துகொண்டே இருந்தது, என்ன செய்ய? வந்த மூன்று பேரையும் நான் கட்டிப்பிடிக்க வேண்டும். வராத ஐந்து பேரையும் நான் போய்ப் பார்ப்பேன், நீங்கள் வர வேண்டாம், உங்கள் வாய் சும்மா இருக்காது. பிழைப்புக்கு வழி இருக்கிறது. நாம் நாலைந்து பேர் சேர்ந்து சொந்தமாகவே ஏசி பார்க்கலாம். கார்டு வேண்டுமானால் நீங்களே அச்சடியுங்கள். ஆனால் ஏணியில் ஏறி, நீங்களும் ஒரு மாதம் வேலை செய்து பார்த்துவிட்டு, அப்புறம் அச்சடியுங்கள்.

இந்தக் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்து அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. உத்தரவு வந்துவிட்டது. சற்று முன்னால் ஆபீஸில் கூப்பிட்டார்கள். பெரிய நோட்டை நீட்டி, "நாளைக்குக் கூட்டம் ஜாஸ்தி. இப்பவே கையெழுத்தைப் போட்டுட்டுப் போ" என்றார் குமாஸ்தா. பார்த்தேன். "27-ஆம் தேதி காலை 10 மணிக்கு விடுதலையானேன்" என்று எழுதித் தயாராக வைத்திருந்தார்.

பேனாவை வாங்கிவிட்டேன், மாப்பிள்ளை. பழகின கை, தானாகப் போயிற்று. முதல் எழுத்துக்கு முன்னால் நிறுத்தினேன். "நாளைக்கு வெளியே போகும்போது போடறேன் ஐயா" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ வரிசையில கடைசி ஆளா நில்லு. பத்து மணின்னு யாரும் காத்திருக்க வேணாம்" என்று நோட்டை மூடிவிட்டார்.

அதனால் பன்னிரண்டு ஆகலாம், ஒன்றும் ஆகலாம். உங்கள் அக்காவை வெயிலில் நிறுத்தாதீர்கள். வாசலில் இருக்கிறவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வேனுக்குள் உட்கார்ந்து, பேசாமல், பொறுமையாக இருங்கள். நான் வருகிற நேரத்துக்கு வருகிறேன்.

மாமா